அடியெடுத்துக் கொடுத்தது யார்? ஓ.டி.ஏ. மாணவி ஒருவரின் களப்பயிற்சி: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மாணவி, சூப்பர்வைசர், நோயாளி மூவரும் தனி ஆட்கள் அல்லர். களப்பயிற்சியில் திரும்பத் திரும்ப நேரும் ஒரு தவறைக் காட்டப் பல இடத்து நடைமுறையைச் சேர்த்து எழுதியது இது. விதிகளும் படிவங்களும் அமெரிக்காவில் நடப்பில் உள்ளவை.

இடமும் ஆட்களும்

இடம் ஒரு ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி. அமெரிக்கர்கள் பேச்சில் இதையும் நர்சிங் ஹோம் என்பார்கள். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அப்படி இல்லை. அறுவை சிகிச்சையோ பக்கவாதமோ முடிந்து ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் செய்துவிட்டது, ஆனால் வீட்டில் தனியாக பாத்ரூம் போக இன்னும் முடியாது என்ற நிலையில் உள்ளவர் சில வாரம் தங்கித் தேறும் இடம்.

மாணவி ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் (ஓ.டி.ஏ.) படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர். உடை மாற்றுவது, கழிவறை போவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சை இது. இரண்டாம் நிலைக் களப்பயிற்சி முழுநேரக் கணக்கில் குறைந்தது 16 வாரம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் செய்யலாம், அந்த இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறை அனுபவம் கிடைத்தால்; அதிகபட்சம் 3 இடங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இதை எட்டு எட்டு வாரமாகப் பிரிக்கின்றன. இந்த மாணவி முதல் எட்டு வாரத்தை ஒரு தொடக்கப் பள்ளியில் முடித்திருந்தார்: பென்சில் பிடிப்பு, கத்தரிக்கோல், உட்காரும் நிலை. அங்கே பிபி மீட்டரைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. இது பின்னால் முக்கியமாகும்.

சூப்பர்வைசர் ஒரு சான்று பெற்ற உதவியாளர். அங்கே ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கோட்டா' என்று கூப்பிடுவார்கள்; நம் இட ஒதுக்கீட்டுக் கோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓ.டி.ஏ. மாணவரை மேற்பார்வையிட ஓ.டி.யோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஓ.டி.ஏ.வோ இருக்கலாம்; சான்று பெற்ற பின் குறைந்தது ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். இவருக்கு ஆறு ஆண்டு. அதே கட்டடத்தில் ஓ.டி. ஒருவரும் இருந்தார். நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் வகுப்பது ஓ.டி.யின் வேலை, அந்தத் திட்டத்தைச் செயல்படுத்துவது உதவியாளரின் வேலை. மாணவி ஒரு சோதனையை நடத்தித் தகவல் சேர்க்கலாம். அதற்கு என்ன பொருள் என்று சொல்வது ஓ.டி. பொறுப்பு.

முதல் நான்கு வாரம்

முதல் இரண்டு நாள் வெறுமனே கூட நடப்பது. மூன்றாம் நாள் முதல் கைவேலை: வீல்சேர் பிரேக், அதன் கால்தாங்கியைக் கழற்றி மாட்டுதல், கட்டில் உயரம், கெயிட் பெல்ட் (நோயாளியைப் பிடித்துத் தாங்க அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை). பெல்ட்டைக் கட்டிய பின் உள்ளே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டினால் நின்றதும் தளர்ந்துவிடும். மறுபடி இறுக்க வேண்டும். இரண்டாம் வாரம் இரண்டு நோயாளிகளுக்கு உடை மாற்றும் பகுதி மட்டும். மூன்றாம் வாரம் நான்கு பேர், முந்தின நாள் இரவே எழுதிய திட்டத்தோடு. ஆறாம் வாரத்துக்குள் எட்டுப் பேர் என்பது இலக்கு.

நாலாம் வார முடிவில் இடைக்கால மதிப்பீடு. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் களப்பயிற்சிப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 2 என்றால் இன்னும் வளர்கிறார், 3 என்றால் தேர்ச்சி. இடைக்காலத்தில் 2 வாங்குவது கேவலமில்லை, அங்கே எதிர்பார்ப்பதே அதுதான். ஆனால் நெறிமுறை, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுதல், பாதுகாப்பில் சொந்த முடிவு ஆகிய முதல் மூன்று வரிகளில் இறுதியில் 3-க்குக் குறைந்தால் மற்றதெல்லாம் 4 என்றாலும் தேர்ச்சி கிடையாது. இந்த மாணவிக்கு அந்த மூன்றிலும் இடைக்காலத்திலேயே 3 போடப்பட்டது. பக்கத்தில் சூப்பர்வைசர் எழுதிய காரணம்: "இதுவரை எந்த அசம்பாவிதமும் இல்லை."

தவறு இங்கேதான் தொடங்கியது. அசம்பாவிதம் நடக்காததற்கு மாணவி காரணமா, பக்கத்தில் நின்றவர் காரணமா என்ற கேள்வி எழவே இல்லை.

ஐந்தாம் வாரம், செவ்வாய்

நோயாளிக்கு வயது 78. விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து, பின்பக்க வழியில் வலது இடுப்பில் பாதி மூட்டு மாற்று. அறுவை முடிந்து ஒன்பதாம் நாள். தாங்கும் அளவு காலில் எடை போடலாம், முன்சக்கர வாக்கர். பின்பக்க அறுவைக்குரிய மூன்று தடைகளும் உண்டு: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலை நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே கொண்டு போகக் கூடாது, பாதத்தை உட்புறம் திருப்பக் கூடாது. அன்றைய வேலை: கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேண்ட் போடுவது, பிறகு வாக்கரோடு கழிவறை.

படுத்தபடி பிபி 134/78, நாடித்துடிப்பு 76. உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து 112/68, நாடித்துடிப்பு 88. மாணவி இரண்டையும் கிளிப்போர்டில் அழகாக எழுதினார். "தலை லேசா இருக்கு" என்று அந்த அம்மா சொன்னதையும் எழுதினார். பிறகு ரீச்சரால் (குனியாமல் பொருளைப் பிடிக்க உதவும் நீளக் கவ்விக்கோல்) பேண்ட் இடுப்புப் பட்டியைப் பிடித்து, அறுவை ஆன காலை முதலில் நுழைக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேண்ட் முழங்காலுக்கு மேல் வந்ததும், "எழுந்துக்கலாமா?" என்றார். எழுந்தார்கள், பேண்ட்டை மேலே இழுத்தார்கள், நடந்தார்கள். மூன்றாவது அடியில் நோயாளியின் முகம் வெளுத்து முழங்கால் மடங்கியது. மாணவி பெல்ட்டைப் பிடித்துத் தாங்கினார். கதவருகே நின்ற சூப்பர்வைசர் வீல்சேரைப் பின்னால் தள்ளிக் கொண்டுவந்து உட்கார வைத்தார். தரையில் யாரும் விழவில்லை.

வீல்சேரில் பிபி 88/50. படுக்கைக்கு மாற்றிக் கால்களை உயர்த்திப் பத்து நிமிடம் கழித்து 126/72. நர்ஸ் வந்ததும் முதலில் பார்த்தது இடுப்பை. வீல்சேரின் துணி இருக்கை நடுவில் தொய்ந்திருக்கும். அதில் வேகமாக உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்து 90 டிகிரி தாண்டிவிடும். திடீர் வலி, கால் குட்டையாகத் தெரிவது, பாதம் உள்ளே திரும்பிக் கிடப்பது ஆகியவை பின்பக்கமாக மூட்டு விலகியதற்கான அடையாளங்கள். எதுவும் இல்லை. தொய்ந்த இருக்கைக்குக் கடினமான அடிப்பலகையும் திண்டும் போட்டிருக்க வேண்டும். அது அன்றைக்குத்தான் போடப்பட்டது.

இது விழுதலா இல்லையா என்று தெரபி அறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நடுவில் தாங்கிப் பிடித்ததால் விழாமல் தப்பினாலும் அதை விழுதலாகவே பதிய வேண்டும் என்பது மெடிகேரின் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) மதிப்பீட்டுக் கையேட்டு விதி. சமநிலைப் பயிற்சியில் வேண்டுமென்றே தடுமாற வைத்து மீளச் சொல்லித் தருவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கே யாரும் தடுமாற்றத்தை எதிர்பார்க்கவில்லை. ஆக, பதிவு செய்யப்பட்டது. மாணவர் கையில் நடந்தது என்பதற்காகச் சிலர் இதை மூடி மறைப்பதுண்டு. அது மாணவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

எங்கே தவறியது

சார்ட்டைத் திறந்து பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. இரண்டு நாள் முன்பு பிபி மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தது. அன்று காலை வலி மாத்திரையும் போயிருந்தது. காலைச் சாப்பாடு தட்டில் அப்படியே. மாணவி தெரபி குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு அறைக்குள் போயிருந்தார். நர்ஸ் குறிப்பையும் மருந்து மாற்றத்தையும் பார்க்கவில்லை.

சரி, விஷயம் தெரியாதா? மதியம் கேட்டபோது உடனே சொன்னார்: நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நிலைமாற்றத் தாழ்அழுத்தம். அந்தப் பாட்டிக்கு உட்கார்ந்த நிலையிலேயே 22-ம் 10-ம் குறைந்திருந்தது, அறிகுறியும் இருந்தது. எண் தெரியும், அளந்தார், எழுதினார். எழுதிய எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்பதற்கு விடை முந்திய நான்கு வாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பிபி எடுத்ததும் சூப்பர்வைசர் பக்கத்திலிருந்து ஏதாவது சொல்வார். "எவ்வளவு வந்தது? சரி, ஒரு நிமிஷம் உட்காரட்டும்." "கால் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்க." "மறுபடி ஒரு தடவை எடுத்துடலாமே." எல்லாம் நல்ல பழக்கத்தில் வந்த பேச்சு, தான் சொல்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மாணவி கற்றது, "பிபி எடு, எழுது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதற்குக் காத்திரு" என்ற வரிசை. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர், மாணவிக்குச் சுதந்திரம் தரலாம் என்று எண்ணிக் கதவருகே பேசாமல் நின்றார். பேச்சு வரவில்லை, மாணவி அடுத்த படிக்குப் போய்விட்டார்.

பெரியபுராணம் பாடச் சேக்கிழாருக்கு இறைவனே 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். களப்பயிற்சியில் அடியெடுத்துக் கொடுப்பவர் பெயர் மதிப்பீட்டுப் படிவத்தில் வருவதே இல்லை. நோயாளியைப் பற்றி எழுதும்போது மட்டும் நாம் கறாராக இருக்கிறோம்: "சட்டை போட இரண்டு வாய்மொழிக் குறிப்பு தேவைப்பட்டது." அதே அளவுகோலை மாணவர் மீது வைத்தால் இடைக்காலத்தில் 3 விழுந்திருக்காது.

அன்று மாலையும் மறுநாளும்

கல்லூரியின் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்கு அன்றைக்கே போன் போனது. எட்டாம் வாரத்தில் முதல் தடவையாகச் செய்தி போனால் கல்லூரியால் எதுவும் செய்ய முடியாது. ஃபெயில் என்ற சொல்லை மாணவரும் அன்றுதான் முதலில் கேட்பார். முறையீடுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

பேச்சு நோயாளி முன்னிலையில் நடக்கவில்லை. தனி அறையில், முதலில் மாணவியே வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று விடப்பட்டது: அறைக்குள் போகுமுன் என்ன படித்தீர்கள், உள்ளே என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பாடம் நடத்துவது பிறகு. "112 வந்ததும் மனசுல என்ன ஓடுச்சு?" என்ற கேள்விக்கு வந்த பதில்: "நீங்க ஒண்ணும் சொல்லல, அதனால சரின்னு நினைச்சேன்." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த நிகழ்வை எழுதலாம்.

இரண்டு வாரக் கற்றல் ஒப்பந்தம்

ஒருங்கிணைப்பாளர், சூப்பர்வைசர், மாணவி மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள். "பாதுகாப்பில் முன்னேற வேண்டும்" என்று எழுதினால் அது ஒப்பந்தமில்லை, வாழ்த்து. இந்தத் தாளில் ஒவ்வொரு அமர்வுக்கும் ஐந்து முடிவுப் புள்ளிகள் குறிக்கப்பட்டன: உள்ளே போகுமுன் சார்ட், நிலை மாற்றுமுன் அளவு, மாற்றிய பின் அளவும் அறிகுறியும், வேலையின் நடுவே இடுப்புத் தடைகள், தொடர்வதா நிறுத்துவதா.

ஒவ்வொரு புள்ளியிலும் சூப்பர்வைசர் கொடுத்த உதவிக்கு எண். எதுவும் தேவைப்படாவிட்டால் 0. "அடுத்து என்ன?" போன்ற பொதுக் கேள்விக்கு 1. "அந்த எண்ணைப் பாருங்க" என்று சுட்டினால் 2. "உட்கார வைங்க" என்று நேராகச் சொன்னால் 3. சூப்பர்வைசரே கையில் எடுத்துக்கொண்டால் 4. எண்ணைக் குறிப்பது சூப்பர்வைசர், ஆனால் அமர்வு முடிந்ததும் மாணவி தன் கணக்கைத் தனியாக எழுதி இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

சூப்பர்வைசருக்கும் நிபந்தனை உண்டு. ஆபத்து இல்லாத இடத்தில் வாய் திறக்குமுன் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். ஆபத்து என்றால் எண்ணக் கூடாது. "பெல்ட் என்கிட்ட" என்பது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வாக்கியம். அதைக் கேட்டதும் மாணவி விவாதிக்காமல் நோயாளியின் முன்பக்கம் வந்துவிட வேண்டும். இந்தச் சொல்லை நோயாளி முன் சொன்னால் அவருக்குப் பயம் வராது என்பதும் ஒரு சௌகரியம்.

முதல் அமர்வில் சூப்பர்வைசர் அதிர்ந்து போனார். 45 நிமிடத்தில் அவர் கொடுத்தது பதினொரு வாய்மொழிக் குறிப்பு, அதில் ஏழு நேரடி உத்தரவு. பத்து எண்ணுவது கேட்க எளிது. ரீச்சர் கீழே விழுந்து நோயாளி குனியப் போகும்போது எண்ணுவது வேறு. அது ஆபத்து, அங்கே எண்ணக் கூடாது. எது ஆபத்து, எது வெறும் தாமதம் என்று பிரிப்பதில் சூப்பர்வைசருக்கே நாலு அமர்வு பிடித்தது.

உடை மாற்றுவதில் அடிக்கடி தவறும் இடங்கள்

ரீச்சர், சாக் எய்டு (குனியாமல் சாக்ஸ் மாட்ட உதவும் கருவி), நீளக்கைப்பிடி ஷூஹார்ன், இழுபடும் ஷூ லேஸ் ஆகிய நான்கும் கட்டிலில் நோயாளியின் கைக்கு எட்டும் பக்கம் இருக்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்தால், எடுக்க அறுவைப் பக்கமாகத் திரும்பும்போது உடல் திரும்பும், பாதம் தரையில் நிற்கும். இடுப்பைப் பொறுத்தவரை அது உள்திருப்பம். "குனியாதீங்க" என்று நூறு தடவை சொல்லும் மாணவர்கள் இந்தத் திருப்பத்தைக் கவனிப்பதில்லை. கழிவறையிலும் இதே சிக்கல்: டிஷ்யூ ரோல் பின்பக்கச் சுவரில் இருந்தால் நோயாளி திரும்பித்தான் எடுப்பார். ரோலை முன்னால் கொண்டுவர ஒரு ஸ்டாண்டு போதும்.

உட்காரும்போது அறுவைக் கால் முன்னே நீண்டிருக்க வேண்டும், கால்களின் பின்பக்கம் இருக்கையைத் தொட்ட பிறகே கை பின்னால் போக வேண்டும். கழிவறை இருக்கையின் உயரம் நோயாளியின் முழங்கால் பின்மடிப்பை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். உயர்த்திய இருக்கையை மாட்டுவதோடு நிறுத்தாமல் அசைத்துப் பார்க்க வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் பக்கவாட்டில் நழுவும்.

போடும்போது அறுவைக் கால் முதலில், கழற்றும்போது கடைசியில். இது எல்லாருக்கும் தெரியும். சாக் எய்டில் சாக்ஸின் குதிகால் பகுதி கீழ்நோக்கி இருக்க வேண்டும், விரல் நுனி எய்டின் முனை வரை இழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கையில் எடுத்தால்தான் தெரியும். நுனியில் துணி தொங்கினால் பாதம் பாதியில் நிற்கும், நோயாளி எரிச்சலில் குனிந்து கையால் இழுப்பார்.

குறிப்பு எழுதுதல்

செவ்வாய்க்கு முந்தைய குறிப்பு ஒன்று: "நோயாளி சிகிச்சையை நன்கு தாங்கினார். கீழ் உடை மாற்ற மின் அசிஸ்ட் (மினிமம், அதாவது குறைந்த உதவி). திட்டப்படி தொடரவும்." ஏழாம் வாரக் குறிப்பு: "படுத்து 130/76, உட்கார்ந்து 1 நிமிடத்தில் 122/74, நின்று 1 நிமிடத்தில் 118/72, அறிகுறி இல்லை. ரீச்சரால் பேண்ட்டை இரு காலிலும் தானே நுழைத்தார். இடுப்புக்கு மேல் இழுக்கும்போது சமநிலைக்குக் கை தொட்டுத் தாங்கல். 90 டிகிரித் தடைக்கு ஒரு வாய்மொழிக் குறிப்பு. அடுத்த அமர்வில் அதே வேலை, குறிப்பு இல்லாமல்." முதல் குறிப்பை எந்த நோயாளிக்கும் ஒட்டலாம்.

இன்னொரு குழப்பம் மதிப்பெண்ணில். தெரபிஸ்ட் பேச்சில் மின் அசிஸ்ட் என்றால் நோயாளி முக்கால் பங்குக்கு மேல் தானே செய்கிறார். நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று எண்ணில் பதியும் மெடிகேரின் ஜிஜி பிரிவில் அந்தப் பெயரே இல்லை. உதவுபவர் பாதிக்குக் குறைவாகச் செய்தால் 03, பாதிக்கு மேல் செய்தால் 02, தொட்டுத் தாங்கினாலோ மேற்பார்வை செய்தாலோ 04, பொருளை எடுத்து வைத்துவிட்டு விலகினால் 05. காலைத் தூக்கி பேண்ட்டில் நுழைத்துவிட்டு 04 போட்டிருந்தார் மாணவி. தூக்கினால் அது தொடுதல் அல்ல, 03.

பணம் தரும் பக்கம்

மேற்பார்வை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கல்லூரி மட்டும் முடிவு செய்வதில்லை. மெடிகேர் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிக்குப் பின் இங்கே தங்கும் காலத்துக்கான பிரிவு) நோயாளி என்றால், நர்சிங் ஃபெசிலிட்டிகளில் மாணவர் எப்போதும் கண்பார்வையில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2011 அக்டோபரில் நீக்கப்பட்டது. எவ்வளவு நெருக்கம் என்பதை அந்த இடமும் மாநில விதியும் தீர்மானிக்கும். பார்ட் பி (வெளிநோயாளிச் சேவைகளுக்கான பிரிவு) என்றால் கதை வேறு. சூப்பர்வைசர் அதே அறையில் இருந்து அமர்வை வழிநடத்த வேண்டும், அந்த நேரத்தில் வேறு நோயாளியைப் பார்க்கக் கூடாது. பார்ட் ஏ-யிலும் ஒரு கண்ணி உண்டு: மாணவி ஒருவரையும் சூப்பர்வைசர் இன்னொருவரையும் ஒரே நேரத்தில் பார்த்தால் அது தனிச் சிகிச்சைக் கணக்கில் வராது, கன்கரண்ட் ஆகும். கன்கரண்டும் குரூப்பும் சேர்ந்து ஒவ்வொரு துறைக்கும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "மாணவி இருக்காங்க, நீங்க அடுத்த ரூமைப் பாருங்க" என்று மேலாளர் சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்து வைப்பது நல்லது.

முடிவு

ஏழாம் வாரக் கடைசியில் மாணவியின் உதவிக் கணக்கு 45 நிமிடத்துக்கு இரண்டு, இரண்டுமே பொதுக் கேள்வி. ஒரு நாள் காலை, வேறொரு நோயாளியின் பிபியைப் பார்த்துவிட்டுத் தானாகவே அமர்வை நிறுத்தி நர்ஸைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் அப்போது ஆறு வரை எண்ணியிருந்தார். ஆனால் எட்டுப் பேர் என்ற இலக்கை அவர் எட்டவில்லை, ஐந்தில் நின்றார். கல்லூரி இரண்டு வாரம் நீட்டித்தது. பத்தாம் வார முடிவில் நெறிமுறை, பாதுகாப்பு வரிகள் மூன்றிலும் 3, நேர மேலாண்மையில் 2.

அந்தப் பாட்டி இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் போனார். கீழ் உடை மாற்றுதல் 05: ரீச்சரையும் சாக் எய்டையும் மகள் எடுத்து வைத்தால் போதும். பிபி மாத்திரையின் அளவை டாக்டர் பழையபடி குறைத்திருந்தார்.

அடுத்து வந்த மாணவருக்கு உதவிக் கணக்குத் தாள் முதல் வாரத்திலேயே கொடுக்கப்பட்டது. இடைக்காலத்தில் அவருக்குப் பாதுகாப்பு வரிகளில் 2 விழுந்தது.